கார்டைச் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லையா? கேள்வி-பதில்

கேள்வி: என்னுடையது ஏஎம்டி பி450 மதர்போர்டு போட்ட டெஸ்க்டாப். வை-ஃபை கிடையாது. இணையத்தில் இன்டெல் ஏஎக்ஸ்211 வை-ஃபை மாட்யூலை 1,900 ரூபாய்க்கும், அதைப் பொருத்தி ஸ்லாட்டில் செருகும் அடாப்டர் கார்டை 700 ரூபாய்க்கும் இரண்டு விற்பனையாளர்களிடம் தனித்தனியாக வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் விண்டோஸில் ஒன்றுமே தெரியவில்லை. மாட்யூல் விற்றவர், "நாங்கள் டெஸ்ட் செய்துதான் அனுப்பினோம், அடாப்டரைப் பாருங்கள்" என்கிறார். அடாப்டர் விற்றவர் மாட்யூலைக் கை காட்டுகிறார். பக்கத்துக் கடையில், "ஸ்லாட் போயிடுச்சு, போர்டை மாத்தணும்" என்று சொல்லி 400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ரிட்டர்ன் செய்ய நான்கு நாள்தான் இருக்கிறது. யாரைப் பிடிப்பது?
- ஈரோடு வாசகர்

பதில்: முதலில், போர்டை மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் போர்டு, மாட்யூல், அடாப்டர் மூன்றுமே நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இந்த மாட்யூல் இந்த போர்டில் எந்தக் காலத்திலும் வேலை செய்யாது.

ஏஎக்ஸ்211 பார்க்க முழு வை-ஃபை கார்டு மாதிரியே இருக்கும். உண்மையில் அது பாதி கார்டு. சிக்னலை வாங்கி அனுப்பும் ரேடியோ பகுதி மட்டும்தான் அதில் உண்டு. மீதி வேலையைச் செய்யும் பகுதியை இன்டெல், தன் போர்டுகளில் இருக்கும் சிப்செட் என்ற முக்கியச் சில்லுக்குள்ளேயே வைத்துவிட்டது. இந்த ஏற்பாட்டுக்கு சிஎன்விஐ என்று பெயர். ஏஎம்டி போர்டில் அந்த மறுபாதி கிடையாது. உங்கள் அடாப்டர் கடத்துவது சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் (போர்டின் ஸ்லாட் வழியாகப் போகும் இணைப்பு), யூஎஸ்பி இணைப்புகளை மட்டும்தான் என்பதால், இன்டெல் போர்டில் போட்டாலும் அந்த அடாப்டர் வழியாக இது தெரியாது. எம்.2 என்ற சிறு கார்டுகளைப் பொருத்தும் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுவதால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். விற்றவர் டெஸ்ட் செய்ததும் பொய்யாக இருக்காது. புதிய இன்டெல் லேப்டாப்பில் போட்டுப் பார்த்திருப்பார், ஓடியிருக்கும்.

உங்களுக்கு வேண்டியது ஏஎக்ஸ்210. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் அது முழுமையான கார்டு. ஏஎம்டி, இன்டெல் இரண்டிலும் ஓடும். அதற்கு முந்தைய ஜோடியிலும் இதே கதைதான்: ஏஎக்ஸ்200 முழு கார்டு, ஏஎக்ஸ்201 பாதி. பெட்டியை நம்பாமல் மாட்யூலின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண்ணைப் படியுங்கள். அடாப்டரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், ஏஎக்ஸ்210-க்கு அதுவே போதும்.

ரிட்டர்ன் விஷயத்துக்கு வருவோம். இன்றே அந்த மாட்யூலின் விற்பனைப் பக்கத்தைத் திறந்து, முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொருந்தும்" என்பது போல ஏதாவது எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலமாகிவிடும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் அதைத் திரும்ப வாங்க மறுக்க முடியாது. ரிட்டர்ன் காரணம் கேட்கும் இடத்தில் "பழுது" என்று போடாதீர்கள். அவர் லேப்டாப்பில் போட்டு ஓட்டிக் காட்டிவிட்டு ரீஃபண்ட் இல்லை என்பார். "விவரித்தபடி இல்லை, என் கணினிக்குப் பொருந்தவில்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மறுத்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒருவேளை விற்பனைப் பக்கத்தில் "சிஎன்விஐ உள்ள இன்டெல் கணினிகளுக்கு மட்டும்" என்று தெளிவாக எழுதியிருந்தால், சட்டம் பேசிப் பயனில்லை. ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் மாற்றித் தரும்படி நல்லவிதமாகக் கேளுங்கள்.

அந்தக் கடைக்காரரை மட்டும் சும்மா விட எனக்கு மனசில்லை. ஸ்லாட் போய்விட்டது என்று சொல்கிறவர், நன்றாக ஓடுகிற வேறொரு கார்டை அதே ஸ்லாட்டில் போட்டு, அதுவும் தெரியவில்லை என்று காட்ட வேண்டும். அந்தச் சோதனை இல்லாமல் போர்டு மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஎக்ஸ்210 வந்ததும் கணினியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பொருத்துங்கள். கணினியின் பவர் பட்டனை மட்டும் அணைத்தால் போர்டில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கார்டைச் செருகியபின், தங்க நிறப் பற்கள் ஸ்லாட்டுக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், ஸ்க்ரூவை முறுக்கும்போது கார்டு சாய்ந்திருக்கிறது.

அப்புறம் விண்டோஸில் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று மஞ்சள் குறியோடு ஒரு வரி இருந்தால் சந்தோஷப்படுங்கள், கார்டு தெரிந்துவிட்டது, டிரைவர்தான் இல்லை. போனின் இணையத்தை ஒயர் வழியாகக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, இன்டெல் தளத்திலிருந்து டிரைவரை இறக்கினால் முடிந்தது. அந்த வரியின் விவரங்களில் ஹார்டுவேர் ஐடி பார்த்தால் 8086 என்று இருக்கும். அதுதான் இன்டெல்லின் அடையாள எண். 1978-இல் வந்த தன் ப்ராசஸரின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள். டிவைஸ் மேனேஜரில் ஒரு வரிகூட இல்லையென்றால் டிரைவரோடு மல்லுக்கட்டாதீர்கள். வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி போட்டால் ஒரு ஸ்லாட் தானாகவே செயலிழந்துவிடும். எது என்று போர்டின் கையேட்டில் இருக்கும்.

இன்னொன்று. வை-ஃபை வந்து புளூடூத் மட்டும் வரவில்லை என்றால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். புளூடூத் போவது ஸ்லாட் வழியாக இல்லை, அடாப்டரோடு வந்த மெல்லிய யூஎஸ்பி ஒயர் வழியாக. போர்டில் "எஃப்-யூஎஸ்பி" அல்லது "ஜேயூஎஸ்பி" என்று அச்சிட்ட ஒன்பது முள் இடத்தில் அதைச் செருக வேண்டும். பலர் அந்த ஒயரைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறேன். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்காகப் புது கம்ப்யூட்டரில் பேரலல் போர்ட் கார்டு வாங்கிப் போட்டேன். விண்டோஸில் டெஸ்ட் பேஜ் வருகிறது. ஆனால் எங்கள் பழைய பில்லிங் சாஃப்ட்வேருக்குப் பிரின்டரே தெரியவில்லை. கார்டு டூப்ளிகேட்டா?
- சிவகாசி வாசகர்

பதில்: டெஸ்ட் பேஜ் வருகிறது என்றால் கார்டு நல்ல கார்டுதான். பழைய சாஃப்ட்வேர் தேடுவது எல்பிடி1 என்ற பெயரை, அதாவது முதல் பேரலல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைக்கும் பெயரை. ஸ்லாட்டில் போடும் கார்டுகள் பெரும்பாலும் எல்பிடி2 அல்லது எல்பிடி3 என்று உட்கார்ந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் பண்புகளுக்குள் போய், போர்ட் செட்டிங்ஸில் எல்பிடி1 என்று மாற்றுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், உங்கள் சாஃப்ட்வேர் பெயரைப் பார்க்காமல் 378 என்ற பழைய போர்ட் முகவரிக்கே நேராக எழுதுகிற ரகம். புது கார்டுகள் வேறு முகவரியில் இருப்பதால் அதை ஏமாற்றுவது கஷ்டம். சாஃப்ட்வேர் எழுதியவரையோ வேறு பில்லிங் சாஃப்ட்வேரையோதான் தேட வேண்டும். டாஸ் காலத்து சாஃப்ட்வேர் 64-பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது என்பதால், உங்களிடம் இருப்பது 32-பிட் விண்டோஸாக இருக்கலாம். அப்படியானால் அதைத் தெரியாமல் மேம்படுத்திவிடாதீர்கள், விண்டோஸ் 11-இல் 32-பிட்டே கிடையாது. யூஎஸ்பி-பேரலல் ஒயர் வாங்கலாமா என்றும் யோசிக்காதீர்கள். அது எல்பிடி போர்ட்டையே உண்டாக்காது, யூஎஸ்பி பிரின்டராகத்தான் தெரியும்.

கேள்வி: நான்கு எஸ்எஸ்டி போடும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டில் ஒன்று மட்டும்தான் தெரிகிறது. ரிட்டர்ன் செய்யலாமா?
- கோவை வாசகர்

பதில்: பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) பைஃபர்கேஷன் என்று ஓர் அமைப்பு இருக்கிறதா பாருங்கள். பெரிய ஸ்லாட்டின் 16 பாதைகளை 4+4+4+4 என்று பிரித்தால் நான்கும் வரும். மலிவான கார்டுகளில் பிரிக்கும் சிப் கிடையாது, போர்டுதான் பிரித்துத் தர வேண்டும். இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் நான்காகப் பிரிக்க வழியில்லை. உங்களுடையது அதுவானால் ரிட்டர்ன் செய்துவிட்டு, பிரிக்கும் வேலையைத் தானே செய்யும் ஸ்விட்ச் சிப் உள்ள கார்டை விசாரியுங்கள். விலை பல மடங்கு இருக்கும். இரண்டு எஸ்எஸ்டி போதுமென்றால் போர்டில் ஏற்கெனவே உள்ள எம்.2 இடங்களே லாபம்.