எந்தத் துப்புரவுத் திரவம் நன்றாகச் சுத்தம் செய்கிறது என்பதை வீட்டிலேயே நியாயமாகச் சோதிப்பது எப்படி?

கடையில் வாங்கிய இரண்டு கிளீனர்களையும் வினிகரையும் ஒப்பிட வேண்டும், அடுப்பு மேடையில் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுத் துடைத்துப் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மேடை முழுக்க ஒரே அளவு பிசுக்கு இருக்காது, அடுப்பை ஒட்டிய பக்கத்தில்தான் அதிகம். கடைசிப் பகுதியைத் துடைக்கும்போது கை களைத்துப்போயிருக்கும். அதோடு, எதற்கு அதிகப் பணம் கொடுத்தோமோ அதன் பக்கம் மனசு தானாகவே சாயும். இவற்றையெல்லாம் விலக்குவதுதான் முழு வேலையும். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், ஆய்வகம் எல்லாம் தேவையில்லை.

முதலில் ஒரு கறையை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கறைக்கும் பொதுவாக நல்ல கிளீனர் என்று எதுவும் கிடையாது. குழாயடியில் படியும் வெள்ளை உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது அமிலத்தில் கரையும் என்பதால் அங்கே வினிகர் ஜெயிக்கும். இறுகிய எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரத்தன்மை உள்ள திரவமோ சோப்பு வகையோ வேண்டும், அங்கே வினிகர் பின்தங்கிவிடும். இரண்டு கறையையும் ஒரே சோதனையில் கலந்தால் வரும் விடைக்குப் பொருளே இருக்காது. பேக்கிங் சோடாவில் வினிகரை ஊற்றி நுரை பொங்குவதைப் பார்த்து அசந்துபோகிறவர்கள் அதையும் தனி ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்கலாம். பொங்கி அடங்கிய பிறகு அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர்தான்.

நான் எண்ணெய்ப் பிசுக்கை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரே பெட்டியில் வந்த, ஒரே மாதிரிப் பளபளப்பான டைல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பளிங்கு வேண்டாம், அமிலம் பட்டால் அதன் மெருகு போய்விடும். சமையல் எண்ணெயில் நிறத்துக்காகக் கொஞ்சம் கரித்தூள் கலந்து, அளவுக் கரண்டியால் எல்லா டைலிலும் ஒரே அளவு வைத்து, மெல்லிசாகப் பரப்புங்கள். உடனே சோதிக்காதீர்கள். புது எண்ணெயை எந்த சோப்பும் எடுத்துவிடும், அதில் யார் கெட்டிக்காரர் என்று தெரியாது. சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றோடும் வெப்பத்தோடும் வினைபுரிந்து மெதுவாக இறுகும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது, அதனால் இதற்கு ஆகாது. டைல்களை வெயில் படும் இடத்தில் சேர்ந்தாற்போல் வைத்துவிட்டு அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் விரலில் எண்ணெய் ஒட்டும். நாளாக ஆக ஒட்டுவது குறையும். கடைசியில் விரல் நுனியை எடுக்கும்போது டைல் லேசாகப் பிடித்து இழுக்கும், ஆனால் விரலில் எண்ணெய் இருக்காது. அப்போது தயார். பல நாள் துடைக்காத அலமாரியின் மேல்பக்கம் இப்படித்தான் இருக்கும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். சில டைல்களை வெறும் தண்ணீருக்கு ஒதுக்குங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கறை போவதில் தண்ணீருக்கும், ஊறும் நேரத்துக்கும், தேய்க்கும் கைக்கும் பெரிய பங்கு உண்டு. வெறும் தண்ணீர் எவ்வளவு எடுத்தது என்று தெரியாமல், திரவம் எவ்வளவு எடுத்தது என்று சொல்லவே முடியாது. ஒரு டைலைத் தொடாமலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க உதவும்.

தேய்ப்பதையும் எல்லாவற்றுக்கும் சமமாக்க வேண்டும். ஆய்வகங்களில் ஸ்பாஞ்சை ஒரே எடையோடு முன்னும் பின்னும் இழுக்கும் எந்திரம் வைத்திருப்பார்கள். வீட்டில் கனமான ஒரு பொருளின் அடியில் துணியைச் சுற்றிக் கட்டி, அழுத்தாமல் இழுத்தால் போதும். எடைதான் அழுத்தும், கை அல்ல. ஒவ்வொரு டைலுக்கும் ஒரே துணியிலிருந்து வெட்டிய புதுத் துண்டு, ஒரே எண்ணிக்கையில் இழுப்பு, ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரே ஊறும் நேரம். தண்ணீரும் ஒரே குழாயிலிருந்து, ஒரே சூட்டில் இருக்கட்டும். திரவத்தை லேபிளில் சொன்ன அளவில் கலக்குவதே நல்லது, வீட்டில் அப்படித்தானே பயன்படுத்துகிறோம். எந்த டைலுக்கு எந்தத் திரவம், எதை முதலில் துடைப்பது என்பதையெல்லாம் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். எந்தத் திரவம் என்பதை டைலின் பின்பக்கம் குறித்துவையுங்கள்.

திரவத்தின் மணமும் நிறமும் துடைப்பவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் துடைப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர் என்று வையுங்கள். அலசிக் காயவைத்து, மணம் போன பிறகு டைல்களைக் கலைத்துக் கொடுங்கள். மதிப்பெண் போடச் சொல்லாதீர்கள், அதில் ஆளுக்கொரு கணக்கு. சுத்தமானதிலிருந்து அழுக்கானது வரை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் மாறாத இடத்தில் போனில் படமும் எடுத்துவையுங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். பளபளப்பை மட்டும் நம்பிவிட வேண்டாம். சில திரவங்கள் மெல்லிய படலத்தை விட்டுப்போகும், அதுவும் மின்னும். அலசிய டைலில் வெள்ளை டிஷ்யூவால் ஒருமுறை துடைத்தால் மிச்சமிருக்கும் கருப்பு அதில் வந்துவிடும்.

எத்தனை டைல் வேண்டும்? 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானி, கோப்பையில் பால் முதலில் விழுந்ததா தேநீர் முதலில் விழுந்ததா என்று சுவைத்தே சொல்லிவிடுவேன் என்றார். அங்கே வேலை செய்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதை எட்டுக் கோப்பைகளை வைத்துச் சோதித்தார், நான்கு இப்படி, நான்கு அப்படி. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் இருப்பதால், குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய 70-ல் ஒரு வாய்ப்புதான். உங்களுக்கும் அதே கணக்கு பொருந்தும். அ திரவத்துக்கு நான்கு டைல், ஆ திரவத்துக்கு நான்கு டைல். இரண்டும் ஒரே தரம் என்றால், அ-வின் நான்கும் முதல் நான்கு இடங்களைப் பிடிக்க 70-ல் ஒரு வாய்ப்பு, அ-வோ ஆ-வோ ஏதோ ஒன்று அப்படிப் பிடிக்க 35-ல் ஒன்று. மூன்று மூன்று டைல் வைத்தால் அதே வாய்ப்பு 10-ல் ஒன்றாகிவிடும், அது எனக்குப் போதவில்லை. இடங்கள் கலந்துகட்டி வந்தால் எது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது, அப்போது விலை குறைந்ததை வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளீச் எனப்படும் சோடியம் ஹைபோகுளோரைட் சேர்ந்த திரவம் எதையும் வினிகரோடோ டாய்லெட் கழுவும் அமிலத்தோடோ சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தால் குளோரமீன் வரும். இரண்டுமே நுரையீரலைப் பாதிக்கும். ஒரே டைலில் அடுத்தடுத்துப் போடுவதும், கழுவிய துணிகளை ஒரே வாளியில் போடுவதும் கலப்பதுதான். சன்னலைத் திறந்துவையுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கிருமி கொல்வதையும் சேர்த்துச் சோதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். டைல் கண்ணுக்குச் சுத்தமாக இருப்பதற்கும் கிருமி செத்ததற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் கிருமியை வளர்த்து எண்ணப் போனால், எது வளர்கிறது என்று தெரியாமலே அதைப் பெருக்கி வைத்திருப்பீர்கள். அதற்கு லேபிளில் பரப்பு எவ்வளவு நேரம் ஈரமாக இருக்க வேண்டும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். சிலவற்றுக்கு அது பத்து நிமிடம் வரைகூட இருக்கும். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் அந்த நேரம் கிடைக்காது.