அவர் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தது தப்பா, டாக்டர்?

கேள்வி: போன மாதம் உறைந்த ஏரி ஒன்றின் கரையில் நடந்துகொண்டிருந்தோம், டாக்டர். வாத்துக் கூட்டத்தைப் பார்த்ததும் எங்கள் லாப்ரடார் வாரைப் பிடுங்கிக்கொண்டு ஏரிக்குள் ஓடியது. முப்பதடி போயிருக்கும், ஐஸ் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. என் கணவர் பாய்ந்து போகப் பார்த்தார். நான் அவர் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டேன். நாய் கொஞ்ச நேரம் தத்தளித்துத் தானாகவே ஏறி வந்துவிட்டது. ஆனால், "கண்ணெதிரே அது சாகட்டும்னு நின்னவதானே நீ" என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். நான் செய்தது தப்பா? (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் ஒரு வாசகி)

பதில்: தப்பே இல்லை, அம்மா. உங்கள் வீட்டுக்காரரும் இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்று நம்பி, அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அவர் செய்யத் துடித்ததை நான் செய்தே பார்த்திருக்கிறேன்.

கால்நடை மருத்துவம் படித்து முடித்த புதிது. என் நாய் விழுந்தது கரைக்கு ரொம்பப் பக்கத்தில். நான்கு எட்டுதான் வைத்தேன். கண்ணாடி மாதிரி 'சடார்' என்று உடையும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி ஒரு சத்தமும் இல்லை. ஊறிப்போன அட்டை போல காலடியில் மெதுவாக அமுங்கியது, அடுத்த நொடி மார்பளவு தண்ணீர். நாயின் பெயரைக் கூப்பிட வாய் திறந்தேன், குரல் வரவில்லை. மூச்சு உள்ளேயே இழுத்துக்கொண்டு போகிறது, வெளியே விட முடியவில்லை. யாரோ ஒருவர் குப்புறப் படுத்து நீளமான மரக்கிளையை நீட்டியதால் பிழைத்தேன். கரையேறித் திரும்பிப் பார்த்தால், என் நாய் எப்போதோ வெளியே வந்து, உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, என்னையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது!

அன்று எனக்கு நடந்ததற்குப் பெயர் குளிர் அதிர்ச்சி. கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்ப்ரெக்ட், தானே பலமுறை ஐஸ் தண்ணீரில் இறங்கி இதை ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவரும் போராட்டம். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்ன பேச்சைக் கேட்கும். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகலாம். அதாவது, விழுந்தவர்களில் பலர் விறைத்துச் சாவதில்லை. அதற்கு வெகு முன்பே, மூச்சுத் திணறியோ கை பிடி நழுவியோ மூழ்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று சாதாரணக் கூட்டல் கழித்தல். முப்பது கிலோ நாய் நான்கு காலில் எடையைப் பரப்பி ஓடியே உடைந்த ஐஸ், எழுபது கிலோ மனிதரை இரண்டு காலில் தாங்குமா? ஆள் நடக்கவே தெளிவான, புதிய ஐஸ் 10 சென்டிமீட்டராவது வேண்டும் என்பார்கள். வெள்ளையாக, பனி கலந்து உறைந்தது என்றால் பலம் பாதிதான். அதுவும் ஒரே ஏரியில் ஓரிடத்தில் கெட்டியாகவும் பத்தடி தள்ளி மெல்லிசாகவும் இருக்கும். ஓடை வந்து சேருமிடம், ஊற்று இருக்குமிடம், நாணல் ஓரம் எதையும் நம்ப முடியாது. மேலே பனி மூடிக் கிடந்தால் இன்னும் மோசம். பனி போர்வை மாதிரி, அடியில் ஐஸ் கெட்டிப்படவே விடாது.

சரி, சும்மா நிற்பதா? இல்லை. முதல் வேலை அவசர உதவி எண்ணுக்குப் போன். நாய்க்காகக் கூப்பிடலாமா என்று கூச்சப்படாதீர்கள். நீங்கள் கூப்பிடாவிட்டால் யாராவது ஒருவர் உள்ளே இறங்கிவிடுவார் என்பது தீயணைப்பு வீரர்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்து, நாய் எந்த வழியாக உள்ளே போனதோ அந்தப் பக்கக் கரையில் நின்று, வழக்கமாக வீட்டில் கூப்பிடும் குரலில் கூப்பிடுங்கள். போகும்போது அதைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எதிர்க்கரையில் நின்று அலறினால், பாவம், அது தாங்காத பக்கமாக நீந்தும். பிறகு ஒருவர் கண்ணை எடுக்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்குமிடத்தில், தலை மூழ்கிவிட்டால் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபமில்லை.

வீரர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மிதக்கும், தண்ணீர் புகாத உடை. இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை கரையில் இருப்பவர் கையில். நடக்கவே மாட்டார்கள், தவழ்ந்துதான் போவார்கள். நான் பார்த்த அந்த நாயின் முன்னங்கால்கள் இரண்டும் ஐஸ் விளிம்பில் பிறாண்டிக்கொண்டிருந்தன. விளிம்பில் நகக் கீறல் வரிவரியாக, அதில் லேசாக ரத்தம். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வீரர் அதன் பின்னால் தண்ணீரில் இறங்கி, பின்புறத்தில் கை கொடுத்து மேலே தள்ளினார். இழுத்தால் பட்டை தலைவழியாகக் கழன்று வந்துவிடும், கடியும் கிடைக்கும்.

நாய் வெளியே வந்ததும் துள்ளிக் குதித்தால்கூட, "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஆரோக்கியமான நாயின் உடல் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 37க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். துண்டால் ஒற்றி ஈரம் எடுங்கள், கால்களைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி மார்பு, வயிற்றுப் பக்கம் வையுங்கள். நடுக்கம் நின்றுபோய் நாய் சோர்ந்து கிடந்தால் அது தேறிய அறிகுறி அல்ல, முற்றிய அறிகுறி. அப்போது முரட்டுத்தனமாகத் தூக்கினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும். நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். ஆகவே அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: ஐயா, உங்கள் ஜாக்கெட் கிழிந்ததா? கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளுங்கள். ஏரிப் பக்கம் போகும்போது வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தீர்கள் என்றால், மனைவியைக் குற்றம் சொல்ல வேண்டியே வராது.

கேள்வி: ஏரி ஐஸ் மேல் மான் ஒன்று கால்களை விரித்தபடி எழ முடியாமல் கிடந்ததைப் பார்த்தேன். ஐஸ் உடையவில்லையே, பிறகு ஏன் எழவில்லை?

பதில்: குளம்பு வழுக்கும். கால்கள் பக்கவாட்டில் விரிந்தால் தொடையின் உள்தசை கிழியும். எழ முயன்று முயன்றே களைத்துவிடும். விரட்டினால் பயத்திலும் அலைச்சலிலும் தசைகள் சிதைந்து, காப்பாற்றிய பிறகும் செத்துப் போகலாம். பயிற்சி பெற்றவர்கள் கண்ணை மூடிக் கட்டி, பலகையிலோ தார்ப்பாயிலோ ஏற்றிக் கரைக்கு இழுப்பார்கள்.

ஐஸ் உடைந்து விழுந்த பெரிய விலங்கென்றால் கதையே வேறு. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அடிரொண்டாக் மலைப்பகுதியின் அபனாகி ஏரியில், மூஸ் எனப்படும் பெரிய மான் ஒன்று கரையிலிருந்து சுமார் 200 அடி தள்ளி விழுந்துவிட்டது. அதைத் தூக்க யாரால் முடியும்? வனக்காவலர்கள் இயந்திர வாளால் ஐஸை அறுத்து, கரைவரை வாய்க்கால் மாதிரி வழி வெட்டினார்கள். அது அதன் வழியே நீந்திப் போய்க் கரையேறியது. தூக்குவதைப் பற்றியே யோசிக்காமல் வழி வெட்டிய அந்த மூளையை நான் மெச்சுகிறேன்.

கேள்வி: அன்னப்பறவை ஒன்று காலையிலிருந்து ஐஸ் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கால் ஒட்டிக்கொண்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. காலுக்கு இறங்கும் சூடான ரத்தம், மேலே ஏறும் குளிர்ந்த ரத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடித் தன் சூட்டைக் கொடுத்துவிடும் அமைப்பு அதற்கு உண்டு. அதனால் கால் சில்லென்றே இருக்கும், அடியிலுள்ள ஐஸை உருக்கி அதோடு உறைந்து ஒட்டிக்கொள்வது அரிது; உடம்புச் சூடும் வீணாகாது. தலையைத் திருப்புகிறதா, இறகைக் கோதுகிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். இறக்கையை அடித்தும் கிளம்ப முடியாவிட்டால் மட்டும் பறவை மீட்பவர்களைக் கூப்பிடுங்கள். நானும் ஒருமுறை கயிறு, ஏணி சகிதம் ஆட்களோடு போய் நின்றேன். அது எழுந்து, எங்களை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக நடந்து போய்விட்டது.