மோரிஸ் மைனரில் எண்ணெய் ஒழுகினால் எஞ்சினை இறக்க வேண்டுமா?

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் எண்ணெய் சொட்டுவதால், பின்பக்க சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் காரில், பிஸ்டன்களால் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. அங்கே வெட்டப்பட்டிருக்கும் திருகு வடிவப் பள்ளம், தண்டு சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது என்பதால், ஓரிரு சொட்டு விழுவது இந்த எஞ்சினின் இயல்பே.

அதற்கு மேல் ஒழுகினால் முதலில் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைபட்டாலோ, பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தாலோ, எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி எண்ணெயை அந்தப் பள்ளத்தின் வழியே வெளியே தள்ளும். குழாய் சுத்தமாக இருந்தால், ஆறிய எஞ்சினின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, டால்கம் பவுடர் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டு, ஈரத்தடம் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து கீழாகத் தேடுங்கள். வால்வுகளை இயக்கும் டாப்பெட்டுகளை மறைக்கும் பக்கவாட்டு மூடியிலிருந்து வழியும் எண்ணெயும் பின்னோக்கி ஓடி அதே இடத்தில்தான் சொட்டும். அதற்கு மூடியின் அடியில் வைக்கும் புது கேஸ்கெட்டே (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) போதும், ஆனால் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் மூடி வளைந்து மறுபடி ஒழுகும்.

ஓட்டுநரின் காலடித் தளத்துக்கு அடியில் ஈரம் தெரிந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் அங்கேதான் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை காரை எடுக்கவே கூடாது.