தகுதி இல்லாதவர் பந்திக்கு வரலாமா?

கேள்வி: இளவயதில் செய்த ஒரு பாவத்தை அறிக்கையிட்டுவிட்டேன். ஆனாலும் திருவிருந்து (கத்தோலிக்கர் சொல்லும் நற்கருணை) எடுக்கக் கால் எழவில்லை. அபாத்திரமாய் (தகுதியில்லாமல்) புசிக்கிறவன் தனக்கே ஆக்கினைத்தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறான் என்று பவுல் சொல்லியிருக்கிறாரே?

பதில்: 1 கொரிந்தியர் 11:29ஐ மட்டும் படித்தால் யாருக்கும் நடுக்கம் வரும். 17ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். கொரிந்து சபையில் திருவிருந்துக்குக் கூடியபோது சிலர் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டார்கள். ஒருவன் பசியோடு இருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்திய அந்தப் பந்தியைத்தான் பவுல் கண்டிக்கிறார். மனம் நொந்து அழுகிறவரை அல்ல. அவர் சொல்லும் மருந்தைப் பாருங்கள்: “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து...” சோதித்துப் பார்த்துவிட்டு விலகிப் போ என்று அங்கே இல்லை.

கத்தோலிக்கராக இருந்தால் ஒரு ஒழுங்கு உண்டு. சாவான பாவம் (அறிந்தும் மனமறிந்தும் செய்த கனமான பாவம்) இருப்பதை உணர்ந்தவர் முதலில் குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, பிறகு நற்கருணை வாங்க வேண்டும். குருவிடம் பாவமன்னிப்புப் பெற்றபின் அந்தப் பாவம் தடையே அல்ல. திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன் எல்லாரும் சொல்வது, நூற்றுவர் தலைவன் என்ற படை அதிகாரி இயேசுவிடம் சொன்ன ‘நான் தகுதியற்றவன்’ என்பதைத்தான் (மத்தேயு 8:8). அதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போகிறார்கள்.

லூக்கா 15இல் இயேசு சொல்லும் கதையில், சொத்தை வாங்கிப்போய் அழித்த இளைய மகன் பன்றி மேய்க்கும் இடத்திலேயே அப்பாவிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறான். அதில் மூன்று பகுதி: பாவஞ்செய்தேன், மகன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் (தகுதியுள்ளவன்) அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். தூரத்திலேயே கண்டு ஓடிவந்து கட்டிக்கொண்ட அப்பாவிடம் பேசும்போது முதல் இரண்டுதான் வாயிலிருந்து வருகின்றன. மூன்றாவதைச் சொல்வதற்குள் அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டு அங்கி, மோதிரம், பாதரட்சை கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். அவன் பாத்திரன் அல்ல என்பதை அவர் மறுக்கவில்லை. கூலிக்காரனாக வைத்துக்கொள்ளத்தான் சம்மதிக்கவில்லை. தண்டனையாக விருந்துக்கு வெளியே நிற்கும் நீங்கள், அந்த மூன்றாம் பகுதியை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். வரும் ஆராதனையிலேயே போய் வாங்குங்கள்.

கேள்வி: அறிக்கையிட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிடுகிறேன். மனசு ஆறவில்லை. அப்படியானால் மன்னிப்பு கிடைக்கவில்லையா?

பதில்: கிடைத்துவிட்டது. 1 யோவான் 1:9 மன்னிப்பைக் கடவுளின் உண்மையின்மேலும் நீதியின்மேலும் நிறுத்துகிறது. நம் மன அமைதியின்மேல் அல்ல. மனசு ஆற நாளாகலாம்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைக் கவனியுங்கள். மனஸ்தாபப்பட்டான், “பாவஞ்செய்தேன்” என்று வாய்விட்டுச் சொன்னான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். எல்லாம் பிரதான ஆசாரியரிடம். “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்று அவர்கள் கைகழுவினார்கள். மூன்று முறை மறுதலித்த பேதுருவோ இயேசுவைக் கரையில் கண்டதும் கடலில் குதித்தே போய்ச் சேர்ந்தான். குற்ற உணர்வு உங்களை அவர் பக்கம் தள்ளுகிறதா, அவரை விட்டு விலக்குகிறதா என்று பாருங்கள். விலக்கினால் அதை நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது: ஒரே போதகரிடம் அல்லது ஒரே குருவிடம் போங்கள், ஆள் மாற்றாதீர்கள். என்ன செய்தீர்கள், யாருக்குச் செய்தீர்கள் என்பதை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு அதை மீண்டும் எடுக்காதீர்கள். நினைவு வந்தால் ‘மன்னித்தீரே, நன்றி’ என்று சொல்லி, கையிலிருக்கும் வேலையைத் தொடருங்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இதே வேதனையில் உழன்றார். பழைய பாவங்களில் மிகத் தெளிவானவற்றை மட்டும் சொல் என்றார் அவரது குரு. அவருக்கோ எல்லாமே தெளிவாகப் பட்டன. அந்த அறிவுரை பலிக்கவில்லை. பழையதை இனி அறிக்கையிடுவதே இல்லை என்று முடிவெடுத்தபின்தான் விடுபட்டார். உங்களுக்கும் அரைகுறை விதி உதவாது. தூக்கம் கெட்டு, ஒரே ஜெபத்தை ‘சரியாகச் சொன்னேனா’ என்று பலமுறை சொல்லும் நிலை வந்திருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

கேள்வி: மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மாற்கு 3:22–30ஐ முழுதாகப் படியுங்கள். இயேசு பேய்களைத் துரத்துவதைக் கண்ணால் கண்டும், அது பேய்களின் தலைவனுடைய வேலை என்று சாதித்தவர்களுக்குச் சொன்ன எச்சரிப்பு அது. மன்னிப்பு வேண்டும் என்று ஏங்குகிற உங்களுக்கு அது பொருந்தாது.

கேள்வி: கடவுள் மன்னித்துவிட்டார் என்றால், நான் ஏமாற்றி எடுத்த பணத்தைத் திருப்பித்தர வேண்டுமா?

பதில்: கட்டாயம் தர வேண்டும். ஆனால் மன்னிப்புக்கு விலையாக அல்ல. இயேசு வரிவசூலிக்கும் சகேயுவின் வீட்டுக்கு வந்தபிறகுதான் நாலத்தனையாக (நாலு மடங்காக)த் திருப்பித் தருவேன் என்று அவன் சொல்கிறான். லேவியராகமம் 6:5இன் அளவு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு. உரியவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுக்குக் கொடுங்கள். வாரிசும் இல்லையென்றால் எண்ணாகமம் 5:8இன்படி அது கர்த்தருக்கு. இன்று அதை ஏழைகளுக்குக் கொடுக்கலாம். உங்கள் பெயர் வெளிவந்தால் குற்றமில்லாத மூன்றாம் நபர் பாதிக்கப்படுவார் என்றால், குரு அல்லது போதகர் வழியாகப் பெயர் சொல்லாமல் சேர்ப்பியுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள். முதல் தவணையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.