வீட்டுப் பக்கம் பாம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழை தொடங்கியதும் கடிதங்கள் கூடிவிட்டன. வளைகளில் தண்ணீர் புகுந்தால் பாம்பு மேட்டைத் தேடும், மேடு என்றால் உங்கள் வீடுதான். படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாலை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு "இது என்ன பாம்பு?" என்று கேட்காதீர்கள். அதற்காகக் கிட்டே போய் எடுக்கவும் வேண்டாம். தள்ளி நின்று ஜூம் செய்தால் போதும்.

குளியலறைச் சுவரில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு ஏறிக்கொண்டிருந்தது. கட்டுவிரியன் என்று அடித்துவிட்டோம். சரிதானே? (செங்கல்பட்டு)

சரியில்லை. படத்தில் இருப்பது வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாதது, பல்லி தின்ன வந்தது. இதன் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கி, வாலை நோக்கிப் போகப்போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு ஏறக்குறைய நேர்மாறு: தலைப்பக்கம் பட்டை தெளிவாக இருக்காது, பின்னால் மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வால் வரை போகும், நடுமுதுகில் பெரிய அறுகோணச் செதில்கள் ஒரு வரிசையாக இருக்கும்.

இதையெல்லாம் சொல்வது படம் பார்க்கத்தான். ராத்திரி இரண்டு மணிக்குப் பாதித் தூக்கத்தில் செதில் எண்ணுவதற்கு இல்லை. பட்டை போட்டது எதுவானாலும் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். கம்போடு கிட்டே போகும்போதுதான் பலர் கடி வாங்குகிறார்கள்.

நல்ல பாம்பைக் கொன்றால் அதன் ஜோடி பழிவாங்க வருமா? (விருத்தாசலம்)

வராது. பாம்புக்கு ஜோடி, குடும்பம், பகை எதுவும் கிடையாது. அதே இடத்துக்கு இன்னொன்று வந்தால் அங்கே எலி இருக்கிறது. அப்புறம், நல்ல பாம்பைக் கொல்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைக் கடிதத்தில் எழுதி, கீழே முழு முகவரியும் போட்டிருக்கிறீர்கள்.

பூண்டு, பெருங்காயம், பினாயில், சிறியாநங்கைச் செடி, ஆன்லைனில் விற்கும் பொடி. பாம்பு வராமல் இருக்க இதில் எது நல்லது? (திருவள்ளூர்)

எதையும் நம்பாதீர்கள். பினாயில் ஊற்றிய அறைக்குள்ளேயே பாம்பு பிடித்த ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காசுக்குக் கதவின் அடிச்சந்தை ரப்பர் வைத்து அடையுங்கள், கழிவுநீர்க் குழாயின் வாய்க்குக் கம்பி வலை போடுங்கள். சுவரை ஒட்டி அடுக்கிய விறகு, செங்கல், தென்னை மட்டையை இடம் மாற்றுங்கள். எலியை ஒழியுங்கள். இரவில் வாசல் இறங்கினாலும் கையில் டார்ச் லைட் இருக்கட்டும். மாதாமாதம் இதை எழுதுகிறேன், மாதாமாதம் பொடி பற்றித்தான் கேட்கிறீர்கள்.

வெயில் காலத்தில் தரையில் படுப்போம். கட்டில் இல்லாமல் வேறு வழி உண்டா? (அரியலூர்)

கொசுவலை. நான்கு ஓரத்தையும் பாய்க்கடியில் செருகிவிட வேண்டும், சும்மா தொங்கவிட்டால் பயனில்லை. தரையில் படுப்பவர்களுக்கு ஆபத்து கட்டுவிரியனால்தான். பகலில் சுருண்டு கிடக்கும், இரவில்தான் இரை தேடி வரும். அதன் பல் சிறியது. எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, அப்புறம் இமை தானாக மூடிக்கொள்ளும், எச்சில் விழுங்க முடியாது. நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கழிக்காதீர்கள். தரையில் படுத்தவருக்குக் காலையில் இமை தொங்கினால் நேராகப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு தடுமாறினாலும் இயந்திரம் வைத்துக் காப்பாற்ற முடியும், நேரத்தோடு போனால்.

என் தம்பியைக் கொல்லையில் பாம்பு கடித்தது. எங்கள் ஊரில் ஒரு பெரியவர் வேப்பிலை அடித்துப் பார்வை பார்த்து, ஒரு வேர் கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அந்த வேரின் பெயரை உங்கள் பகுதியில் போட்டால் பலருக்கு உதவுமே? (பெரம்பலூர்)

போட மாட்டேன். இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வராது.

உங்கள் தம்பி பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் கடித்தது எது என்று நீங்கள் பார்க்கவில்லை, கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் வீட்டைச் சுற்றித் திரியும் பாம்புகளில் சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன் என்று பெரும்பாலானவை விஷமில்லாதவை. அவை கடித்தால் வெறும் தண்ணீர் கொடுத்தாலும் பிழைக்கலாம். விஷப் பாம்பே கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்காது. பத்துப் பேர் பெரியவரிடம் போனால் ஏழெட்டுப் பேர் தானாகவே எழுந்து வருவார்கள், அத்தனை பேரும் அவர் புகழ் பாடுவார்கள். மீதிப் பேர் கடிதம் எழுத மாட்டார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே நம்மிடம் ஒரு விஷமுறிவு மருந்து இருக்கிறது. இருந்தும் இத்தனை சாவு ஏன்? பல வீடுகளில் முதல் இரண்டு மணி நேரம் வேப்பிலைக்குப் போய்விடுகிறது.

நாட்டு மருந்துதான் வேண்டும் என்றால் இதைவிட நாட்டு மருந்து கிடையாது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. அங்கே எடுக்கும் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்ததன் பலன் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் வேர் தேடுகிறீர்கள்.

கடித்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். கண்ணாடி விரியன் விஷம் சதையை அழிக்கும், கட்டிய இடத்தில் ரத்தமும் ஓடாமல் போனால் காலையே எடுக்க நேரலாம். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோகவும் வேண்டாம். ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா, இமை தொங்குகிறதா என்று பார்த்தே மருத்துவர் முடிவு செய்துகொள்வார். பார்வை பார்த்தே ஆக வேண்டும் என்றால் பெரியவரை மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள். ஊசி ஏறும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

பூந்தொட்டி மண்ணில் மண்புழு மாதிரி கறுப்பாகக் குட்டிப் பாம்புகள். தாய் எங்கே இருக்கும்? (நாமக்கல்)

நீங்கள் பார்த்ததிலேயே இருக்கலாம். அது புழுப்பாம்பு, வளர்ந்தாலும் ஒரு சாண் அளவுதான். எறும்பு முட்டையும் கறையான் முட்டையும் தின்னும். ஆண் இல்லாமலே முட்டையிடும். காதில் புகும் என்பதெல்லாம் கதை. மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

வரப்பில் சாரையும் நல்ல பாம்பும் பின்னி நின்றன. மேலே துணி போட்டு எடுத்து வைத்தால் பணம் சேரும் என்கிறார் மாமா. (கும்பகோணம்)

சாரைக்கும் நல்ல பாம்புக்கும் உறவே கிடையாது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், மல்லுக்கட்டு நடந்திருக்கிறது. மாமாவுக்குத் துணி துவைக்கும் செலவு மிச்சமாகட்டும்.

ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் பாம்பு புகுந்துவிட்டது. ஓட்டிக்கொண்டு போனால் காற்றுக்கு வெளியே வருமா? (ஓசூர்)

வரும், உங்கள் மடிக்கு. வண்டியை நிறுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள்.

கோழிக்கூட்டைச் சுற்றி மீன் வலை கட்டினோம். நல்ல பாம்பு சிக்கிக்கொண்டு கிடக்கிறது. (மதுராந்தகம்)

கிடக்கிறது என்று கடிதம் எழுதினால் நான் என்ன செய்ய? அது நேற்றே 101-க்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டிய விஷயம். வலையை நீங்களே அறுக்கப் போகாதீர்கள், சிக்கிய பாம்புதான் ஆத்திரத்தில் கடிக்கும். இனி நைலான் வலை வேண்டாம். கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலையைத் தரைக்குள் ஒரு சாண் இறக்கிக் கட்டுங்கள். முட்டையைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள். சிந்திய தீவனத்தைக் கூட்டாமல் விட்டால் எலி வரும், எலி வந்த இடத்துக்குக் கம்பி வலை இருந்தாலும் பாம்பு சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.