ஹெபடைட்டிஸ் பி: மாத்திரை, கீழாநெல்லி, தனித்தட்டு

ரத்ததானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்றார்கள். உடனே மாத்திரை தொடங்க வேண்டுமா டாக்டர்?

இது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. மாத்திரை எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவ் என்றால்தான் நாள்பட்ட தொற்று. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு), எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை), ஸ்கேன் மூன்றையும் பாருங்கள். கல்லீரலில் வீக்கமோ தழும்போ தெரிந்தால் மாத்திரை. இல்லாவிட்டாலும் சோதனையை விடக்கூடாது.

இரண்டு வருடமாக இதற்கான டெனோபோவிர் மாத்திரை சாப்பிடுகிறேன். ரிப்போர்ட்டில் வைரஸே இல்லை. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வைரஸ் தன் மூலப்பிரதியைக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் ஒளித்து வைத்திருக்கும். மாத்திரை நகலெடுப்பதைத்தான் தடுக்கிறது, மூலத்தைத் தொடுவதில்லை. ரத்தத்தில் இல்லை என்பதற்கு மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். திடீரென்று விட்டால் வைரஸ் சீறிக்கொண்டு வந்து, சிலருக்குக் கல்லீரலே செயலிழந்து போகும். செலவுதான் கவலை என்றால், 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை) மட்டும் அவ்வப்போது பாருங்கள். டெனோபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும்.

ஐயா, கீழாநெல்லி போதும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்களே?

இந்தக் கேள்வி வராத நாளில்லை! சும்மா எழுந்த நம்பிக்கையும் இல்லை இது. சென்னையில் நடந்த ஆய்வில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்ததாக 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க். ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சாதாரணக் காமாலை தானாகவே இறங்கிவிடும், பெயர் மூலிகைக்குப் போய்விடும். மாத்திரையை விட்டுவிட்டு அதை நம்பாதீர்கள்.

மனைவிக்கு ஏழாம் மாதம், பாசிட்டிவ். குழந்தைக்கு வருமா?

தடுக்கலாம். வைரல் லோடு இரண்டு லட்சத்துக்கு (IU/ml கணக்கில்) மேல் என்றால் இப்போதே டெனோபோவிர். குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்புப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும். தாய்ப்பால் தாராளமாகத் தரலாம். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நாள்பட்டதாகிவிடும்; அதனால் அந்த ஊசி தள்ளிப்போகக் கூடாது.

அப்பாவுக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைத்திருக்கிறோம். சரிதானே?

தேவையில்லை, அவர் மனதுதான் நோகும். ரேசர், டூத்பிரஷ் மட்டும் தனி. நீங்கள் எல்லோரும் சோதனை செய்து, நெகட்டிவ் என்றால் மூன்று டோஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.