கடிச்ச பிஸ்கெட்டும் கவளை மீன் முள்ளும்

வணக்கம்க்கா,

கடலூர் முதுநகர்லேருந்து எழுதுறேன். பேரு போட வேணாம். பாண்டிச்சேரியில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன், காலையில ஆறே கால் பஸ்ஸ புடிச்சாதான் டூட்டிக்கு போக முடியும், வீட்டுக்கு வர சாயங்காலம் ஆயிடும். பையனுக்கு நாலு வயசு முடிஞ்சிருக்கு, மாமியார்தான் பாத்துக்கிறாங்க. போன ஞாயித்துக்கிழம சாப்புடும்போது அவரு வெளையாட்டா ‘உன்மேல யாருக்குடா பாசம் அதிகம்’னு கேட்டாரு. ‘ஆயாவுக்குத்தான், ஆயாதான் முள்ளு எடுத்து தராங்க, அம்மாவுக்கு பாசம் இல்ல’ன்னு சொல்லிட்டு அவன் பாட்டுக்கு சாப்புட்டான். எனக்கு சோறு எறங்கல. தெனமும் ராத்திரி கட்டிப்புடிச்சு ‘ஐ லவ் யூ’ சொல்றேன், அவனும் திருப்பி சொல்றான், அதெல்லாம் அவனுக்கு புரியவே இல்லயா? நான் வந்ததும் வராததுமா பாதி கடிச்ச பிஸ்கெட்ட என் வாயில திணிக்க வருவான், ஆஸ்பத்திரியிலேருந்து வந்த டிரஸ்ஸுல அவன தொடக்கூடாதுன்னு ‘எச்சி, வேணாம் போடா’ன்னு தள்ளிட்டு குளிக்க போயிடுவேன், அந்த கோவமான்னும் தெரியல. அவருகிட்ட சொன்னா ‘உன்ன தவிட்டுக்குத்தான் வாங்குனோம்’னு அவன சீண்டி அழவைக்கிறாரு. வேலைய விட்டுடலாமான்னு இருக்கு. இனிமே லேட் ஆயிடுச்சாக்கா?

– ஒரு வாசகி

வணக்கம்மா,

உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். எறங்காத அந்த சோறு எனக்கும் தெரியும், என் வீட்டுலயும் அப்படி ஒரு ஞாயித்துக்கிழம வந்துட்டு போயிருக்கு.

மொதல்ல அந்த முள்ள எடுத்துக்குவோம். கடலூர்காரங்க நாம, கவளை மீன்ல எவ்ளோ முள்ளுன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம். புள்ளைக்கு அத ஊட்டணும்னா நடு முள்ள உருவிட்டா போதாது, மயிரு மாதிரி இருக்கிற பொடி முள்ளு சதையோட சதையா ஒட்டிக்கிட்டு இருக்கும், அத கண்ணால பாக்க முடியாது, வெரலால தடவித்தான் கண்டுபுடிக்கணும், அப்புறம் சோத்தோட பெசஞ்சு மறுபடி ஒரு தரம் கட்டவெரலால நசுக்கி பாத்துட்டுத்தான் வாயில வைப்பாங்க. அது வரைக்கும் ஆயா வேற எதையும் பாக்க மாட்டாங்க, டிவிய பாக்க மாட்டாங்க, போன் அடிச்சா எடுக்க மாட்டாங்க. எதிர்ல வாய தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கிற புள்ள அந்த வெரலயேதான் பாத்துக்கிட்டு இருக்கு. நாலு வயசுக்கு பாசம்னா அதுதான்மா, மனசுக்குள்ள இருக்கிற ஒண்ணு இல்ல, கண்ணு முன்னாடி நடக்கிற ஒரு வேல, தெனமும் அதே நேரத்துக்கு அதே கையால நடக்கிற வேல. உங்க பையன் பொய் சொல்லல, உங்கள தண்டிக்கவும் இல்ல, பாத்தத சொன்னான், அவ்ளோதான்.

நாம பேசுற பேச்சுலயே இது இருக்கு. அன்புன்னு வீட்டுல யாரு பேசுறோம், அது கல்யாண பத்திரிகையில வர்ற வார்த்த. புடிக்கும்னுதான் சொல்றோம், இட்லி புடிக்கும், அம்மாவ புடிக்கும். கைய புடிக்கிறதுக்கும் அதே வார்த்ததான். ரோடு தாண்டும்போது யாரு புடிச்சாங்களோ அவங்களத்தான் புடிக்கும்னு ஒரு சின்ன புள்ள நெனச்சா அதுல என்ன தப்பு, சொல்லுங்க. அதோட அவங்க கணக்கு அன்னன்னிக்கு முடியிற கணக்கு. காலையில கா விட்டு மூஞ்ச திருப்பிக்கும், சாயங்காலம் பழம் விட்டுட்டு மடியில வந்து உக்காரும். ‘அம்மாவுக்கு பாசம் இல்ல’ங்கிறது அந்த ஞாயித்துக்கிழம மதிய சோத்துக்கான தீர்ப்பு, உங்க மொத்த வாழ்க்கைக்கும் இல்ல.

உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, இத நான் கோவமாவே சொல்றேன். தவிட்டுக்கு வாங்குனோங்கிற பேச்ச நிறுத்த சொல்லுங்க. எங்க வீட்டுலயும் சொன்னாங்க. நான் நெஜம்னு நம்பி, அஞ்சு வயசுல திருப்பாப்புலியூர்ல எங்க தெருமுனையில இருந்த ரைஸ் மில்லு வாசல்ல போய் நின்னு, உள்ள யாராச்சும் என் ஜாடையில இருக்காங்களான்னு பாத்திருக்கேன். பெரியவங்களுக்கு அது கிண்டல்னு தெரியும், புள்ளைக்கு தெரியாது. யாருக்கு பாசம் அதிகம்னு கேக்குறதும் அந்த வகதான், ஒருத்தர சொன்னா இன்னொருத்தர இழக்கணும்கிற மாதிரி ஒரு கேள்விய எதுக்கு அந்த புள்ள தலையில வைக்கணும்?

இப்ப நெஜமா பேச வேண்டிய எடத்துக்கு வரேன். உங்க லெட்டர்ல நீங்க போற போக்குல எழுதிட்டு போன அந்த பிஸ்கெட்.

ஐ லவ் யூ சொல்றது அவனுக்கு புரியலயான்னு கேக்குறீங்க. நீங்க அவனுக்கு என்ன தரீங்கங்கறதயே நெனச்சு நெனச்சு மருகுறீங்கம்மா, அவன் உங்களுக்கு என்ன தரான்னு பாக்கல. 1997ல அமெரிக்காவுல ரெப்பக்கோலி, காப்னிக்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு சின்ன சோதனை பண்ணாங்க, புள்ளைங்க முன்னாடி ரெண்டு கிண்ணம், ஒண்ணுல மீன் வடிவத்துல சின்ன சின்ன பிஸ்கெட், இன்னொண்ணுல காலிஃப்ளவர் மாதிரி இருக்கிற பச்ச காய், பிராக்கோலி. எதிர்ல உக்காந்த பொம்பள பிஸ்கெட்ட தின்னுட்டு மூஞ்ச சுளிச்சாங்க, பிராக்கோலிய தின்னுட்டு ‘ஆஹா’ன்னாங்க, அப்புறம் கைய நீட்டி எனக்கு கொஞ்சம் குடுன்னாங்க. பதினாலு மாச புள்ளைங்க பிஸ்கெட்டத்தான் குடுத்துச்சுங்க, தனக்கு புடிச்சத. பதினெட்டு மாச புள்ளைங்க பிராக்கோலிய எடுத்து குடுத்துச்சுங்க, தனக்கு புடிக்காட்டியும் அவங்களுக்கு புடிச்சதேன்னு. நாலே மாசம்தான் வித்தியாசம்! எனக்கு இத படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னா பதினாலு மாசத்துலயும் சரி, பதினெட்டு மாசத்துலயும் சரி, புள்ள குடுக்கத்தான் செய்யுது, யாருக்கு என்ன புடிக்கும்ங்கிறததான் நடுவுல கத்துக்குது.

2006ல ஜெர்மனியில வார்னகென், டொமசெல்லோன்னு ரெண்டு பேரு பண்ணது இன்னும் நம்ம வீட்டுக்கு கிட்ட வரும். துணி காய போடுற ஆளு கிளிப்ப கீழ போட்டுட்டு எட்டாத மாதிரி கைய நீட்டுறாரு. பதினெட்டு மாச புள்ளைங்க 24 பேரு, அதுல 22 பேரு இந்த மாதிரி வேலைகள்ல ஒண்ணுலயாவது, யாரும் கேக்காமலே, தத்தி தத்தி போய் உதவி பண்ணிருக்குங்க. அவங்களே 2008ல பண்ண இன்னொண்ணுல, உதவுனதுக்கு சாமான் பரிசா வாங்குன புள்ளைங்க அதுக்கப்புறம் கொறச்சலாத்தான் உதவுச்சுங்க. அதனால ‘எடுத்து குடு, சிப்ஸ் வாங்கித்தரேன்’னு ஆரம்பிச்சுடாதீங்க.

நம்ம பழைய புலவருங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கு. பிள்ளைத்தமிழ்ல முத்தப் பருவம்னு ஒண்ணு வரும், அங்க பெரியவங்கதான் புள்ளகிட்ட முத்தம் தா, தான்னு கெஞ்சி கேப்பாங்க. குடுக்குற எடத்துல புள்ளைய உக்கார வச்சிருக்காங்க பாருங்க.

உங்க பையன் தெனம் சாயங்காலம் அந்த எடத்துக்குத்தான் வரான். ஒரு பிஸ்கெட்ட முழுசா திங்காம பாதிய கையில வச்சிக்கிட்டு இருக்கிறது நாலு வயசுக்கு எவ்ளோ பெரிய வேல தெரியுமா? ஆயா முள்ளு எடுக்குறாங்க, இவன் பாதி பிஸ்கெட்ட மிச்சம் வைக்கிறான், ரெண்டும் ஒண்ணுதான். நீங்க தள்ளுனது சுத்தத்துக்காக, அவன் நல்லதுக்காக, ஆஸ்பத்திரி டிரஸ்ஸோட புள்ளைய தொடாம இருக்கிறது சரிதான், அத மாத்தாதீங்க. வாசல்லயே நின்னு ‘எனக்கா வச்சிருக்க? கீழ போட்டுடாத, குளிச்சிட்டு ஓடி வரேன்’னு மட்டும் சொல்லிட்டு போங்க, வந்து அவன் எதிர்லயே தின்னுங்க. எச்சிதான். தின்னா என்ன?

வேலைய விடுறத பத்தி கேட்டீங்க. பணத்துக்காகவோ உங்க உடம்புக்காகவோன்னா அது வேற பேச்சு, அவன் சொன்ன இந்த ஒரு வார்த்தைக்காக விடாதீங்க. தானே புயல் 2011 டிசம்பர் 30ல நம்ம ஊர அடிச்சப்ப என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. எங்க ஓடு பறந்து, பலா மரம் சாஞ்சு, நாள் கணக்குல கரன்ட் இல்லாம நான் அழுதுக்கிட்டே இருந்தேன், இந்த புள்ள மனசுல என்னென்ன பயம் தங்கப்போவுதோன்னு. இப்ப காலேஜ் படிக்கிறா, போன வருஷம் கேட்டேன். ‘அப்பதாம்மா நாம எல்லாரும் ஹால்ல ஒரே பாயில படுத்தோம், நான் உனக்கு அட்டையால விசிறி விட்டேன், நீ தூங்கிட்ட’ன்னா. அவ விசிறுனது எனக்கு ஞாபகமே இல்ல. அவளுக்கு புயல்னா அதுதான் ஞாபகம் இருக்கு.

லேட் எல்லாம் ஆகல, நாலு வயசுதானே ஆவுது. காலையில நீங்க கெளம்பும்போது அவன் தூங்குவான்னு நெனைக்கிறேன், அதனால ராத்திரியே உங்க டிபன் பாக்ஸ கழுவி தொடச்சு அவன் கையில குடுத்து, நாளைக்கு அம்மாவுக்கு எதாவது வைடான்னு சொல்லுங்க. காலையில சோத்த வேற டப்பாவுல எடுத்துக்கிட்டு அதையும் பையில போட்டுக்குங்க. மத்தியானம் தொறக்கும்போது உள்ள நமுத்துப்போன அர பிஸ்கெட் இருந்தா தின்னுட்டு, போன் போட்டு அவன்கிட்ட சொல்லிடுங்க.